உங்கள் தங்கை ஓடிவிட்டாள் என்று நான் சொன்னது பற்றி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் நலம். அதாவது நான் உட்கார்ந்த இடத்தில் நலம், உங்கள் தங்கை ஓடுகிற இடத்தில் நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரத் தொலைபேசிப் பேச்சுக்குப் பிறகு அப்படி நம்புவது கொஞ்சம் கஷ்டம்தான். இருந்தாலும் கடிதம் என்றால் அப்படித்தானே தொடங்க வேண்டும்.

முதலில் அந்தத் தொலைபேசி விவகாரம். இந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், எங்கள் வீட்டுக்காரர் தேனீப் பெட்டிகளை வரிசையாக வைத்திருக்கிற மேடு. அங்கே நின்று பேசினால் ஒரு காதில் நீங்கள், மறு காதில் தேனீக்கள். நீங்கள் "தங்கச்சி எங்க, அவகிட்ட குடு" என்றீர்கள். நான் "அவ ஓடிட்டா மச்சான்" என்றேன். காலை ஓட்டத்துக்குக் கிளம்பிவிட்டாள் என்று பொருள். அதை விளக்குவதற்குள் ஒரு தேனீ வந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை நீங்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள். "யாரோட?" என்று கேட்டீர்கள். தேனீ பறந்துபோன நிம்மதியில், "தனியாத்தான். அவ எப்பவும் தனியாத்தான் ஓடுவா" என்றேன். "எப்பவுமா?" என்று நீங்கள் அலறியது வரைக்கும் கேட்டது, பிறகு இணைப்பு அறுந்துவிட்டது. அன்று மாலைக்குள் செய்தி உங்கள் தம்பி வீட்டுக்கும் அக்காவின் பிறந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்து, உங்கள் சித்தப்பா அழுது, இந்த வயதில் அவளுக்கு என்ன குறை என்று ஆளாளுக்கு அலசி, கடைசியில் குறை நான்தான் என்று ஒருமனதாக முடிவாகியிருப்பதாக உங்கள் தம்பியின் கடிதத்திலிருந்து அறிகிறேன். ஆகவே எழுத்து மூலமாகவே தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் தங்கை யாருடனும் ஓடவில்லை. காலையில் ஓடுகிறாள், பசித்ததும் திரும்பி வருகிறாள். விஷயம் அவ்வளவுதான் என்று முடிக்கத்தான் ஆசை. ஆனால் அவ்வளவோடு நிற்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இங்கே வந்தது என் நெஞ்சுக்காக என்பது தங்களுக்குத் தெரியும். ஆயுள் முழுவதும் பேருந்துப் பணிமனையில் தடம் போடும் பிரிவில் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று பென்சிலால் கோடு இழுத்த நான், அந்த வண்டிகள் விட்ட புகையையெல்லாம் சன்னல் வழியாக வாங்கிக்கொண்டேன். மலைக்காற்று வேண்டும் என்றார் மருத்துவர். அவளும் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். காற்று வாங்க வந்தவன் நான். துணைக்கு வந்தவள் அவள். இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இப்போது இங்கே எல்லாம் தலைகீழாக இருக்கிறது.

ஊர் சின்னது. ஒரே தெரு, அதுவும் நேராக இருக்கப் பொறுமையில்லாமல் இரண்டு தடவை வளைந்து ஒரு கல்பாலத்தில் முடிந்துவிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் மேடுகள்தான். ஒரு மேட்டுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் கொஞ்சம் நீலமாக இன்னொன்று, யாரோ போர்வைக்குள் புரண்டு படுத்த மாதிரி. எங்கள் சமையலறைச் சன்னலில் நின்றால் அவ்வளவும் தெரியும். நான் அதைப் பார்த்ததும் நினைத்தது, இங்கே ஒரு வண்டி விட முடியாது என்பதுதான். அவள் என்ன நினைத்தாள் என்று அப்போது நான் கேட்கவில்லை.

எல்லாம் ஒரு ஆட்டால் ஆரம்பித்தது. வந்த புதிதில் ஒருநாள் கொடியில் காய்ந்த துண்டை ஒரு வெள்ளாடு கவ்விக்கொண்டு ஓடியது. இவள் "ஏய், ஏய்" என்று பின்னால் ஓடினாள். நான் சன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு பாலம் தாண்டியது, இவளும் தாண்டினாள். ஆடு மேய்ச்சல் சரிவில் ஏறியது, இவளும் ஏறினாள். பாதிச் சரிவில் ஆட்டுக்கு அலுத்துப்போய் துண்டைக் கீழே போட்டுவிட்டு நின்றுவிட்டது. இவள் நிற்கவில்லை மச்சான். ஆட்டைத் தாண்டிப் போய்விட்டாள். ஆடு அவள் போன திசையையும் பார்த்தது, திரும்பி என்னையும் பார்த்தது. வெகுநேரம் கழித்து முகமெல்லாம் சிவந்து, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தாள். "துண்டு எங்க?" என்றேன். "எந்தத் துண்டு?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் மகளுடைய பழைய கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு நின்றாள். "இன்னிக்கு எதத் துரத்தப் போற?" என்று கேட்டேன். "எதையும் இல்ல. சும்மா" என்றாள். சும்மா என்ற சொல்லை நான் இதுவரை உட்காருவதற்குத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். ஓடுவதற்கும் அது செல்லும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தடம் இல்லாமல் ஒரு உயிர் மலையில் ஓடுவது என்னைப் போன்றவனால் தாங்கக்கூடிய காரியமா? ஊர் அலுவலகத்தில் கேட்டு இந்த வட்டாரத்தின் வரைபடம் ஒன்று வாங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் டம்ளர் வைத்து, பச்சைப் பென்சிலால் கோடு போட்டேன். தடம் எண் ஒன்று: வீடு, பால் நிலையம், கல்பாலம், ஓடைக்கரை, வீடு, சுற்று வண்டி. தடம் எண் இரண்டு: கல்பாலம் வழியாக மேய்ச்சல் சரிவு, இலுப்பைத் தோப்பு, பாறை முனை, குறைந்த நிறுத்தங்கள். தடம் இரண்டு 'ஏ': ஓடையில் தண்ணீர் வந்தால் மாற்றுப் பாதை. என் சர்வீஸில் இவ்வளவு அழகான தடங்களை நான் போட்டதில்லை. அவள் வெகுநேரம் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்குங்க" என்று சொல்லி, சமையலறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். மாட்டிவிட்டு, தன் இஷ்டத்துக்கு ஓடப் போனாள்.

"இன்னிக்கு எந்தத் தடம்?"

"ரெண்டுலதான் ஆரம்பிச்சேன். நடுவுல ஒரு பட்டாம்பூச்சி வந்துது."

"பட்டாம்பூச்சிக்காகல்லாம் தடத்த மாத்த முடியாது."

"அதுகிட்ட சொல்லிப் பாத்தேன். கேக்கல."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வந்ததும் சமையலறை வாசற்படியில் நின்று, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே, பார்த்ததையெல்லாம் சொல்வாள். மேலே ஒரு குளம் இருக்கிறதாம். மேகமெல்லாம் அதற்குள் நடக்குமாம், ஓரமாக ஓடினால் மேகத்தின் மேல் நிழல் விழுமாம். அதற்கும் மேலே, வீடே இல்லாமல் ஒரு கதவு மட்டும் தனியாக நிற்கிறதாம். "தினமும் அதுக்குள்ள நுழைஞ்சு போறேன். உள்ள போனா வெளிய வந்துடுறேங்க" என்பாள். என் முழங்காலோ கல்பாலத்தோடு சரி. அதற்கு மேல் எனக்கு மலை என்பது அவள் சொல்கிற மலைதான். மதியம் கண்ணயர்ந்தால் அந்த மேடுகளின் மேல் பேருந்துகள் சத்தமில்லாமல் மிதந்து போகும். ஒவ்வொரு வண்டியிலும் சன்னலோரம் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். நான் நிறுத்தத்தில் நின்று விசில் ஊதுவேன், விசிலிலிருந்து புல் வாசனை மட்டும்தான் வரும். விழித்துப் பார்த்தால் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் பால்காரம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். இந்த ஊர்ப் பாலெல்லாம் அந்த அம்மா கையால் அளந்துதான் வீடுகளுக்கு வருகிறது. "மேல ஒரு குளம் இருக்காமே?" என்றேன்.

"குளமா? இந்த மலையிலயா? நான் பொறந்து வளந்த ஊரு சார் இது. குளமும் கிடையாது, குட்டையும் கிடையாது."

"அப்ப அந்தத் தனிக்கதவு?"

"என்ன கதவு?"

"வீடு இல்லாம, கதவு மட்டும்."

அந்த அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பால் ஊற்றி, "வெயில்ல நிக்காதீங்க சார், உள்ள போய் படுங்க" என்று சொல்லிவிட்டுப் போனது.

மச்சான், இல்லாத நிறுத்தத்தில் ஒரு வண்டி தினமும் நின்று போகிறது என்றால் பணிமனையில் விசாரணை வைப்போம். நான் விசாரணை வைக்கவில்லை. கேட்டால் அவள் சொல்வதை நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. குளம் பொய்யாகவே இருக்கட்டும், அது எப்படி இருக்கிறது என்று தினமும் தெரிந்தாக வேண்டும் என்கிற நிலைமைக்கு நான் வந்துவிட்டேன்.

இதற்கிடையில் என் நெஞ்சு சரியாகிவிட்டது. கொஞ்சம் அவசரப்பட்டு சரியாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மாதக் கடைசியோடு வீட்டைக் காலி செய்வதாக ஏற்பாடு. நான் பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

"போய்ட்டு வாங்கன்னா?"

"நான் இங்கயே இருக்கேன். நீங்க அப்பப்ப வந்து பாருங்க."

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அதான்."

சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டாள். நான் பெட்டியைத் துடைத்த துணியோடு நின்றேன். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் மனைவி என்னை விருந்தாளி ஆக்கியது அதுதான் முதல் தடவை. அன்று வந்ததும் நான் பேசவில்லை. நான் பேசாததால் அவளும் பேசவில்லை. மறுநாளும் அப்படியே. சொம்பை எடுத்தாள், தண்ணீர் குடித்தாள், கழுவிக் கவிழ்த்தாள். மேலே குளத்தில் மேகம் வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாமலே பொழுதுகள் போயின. நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டது அந்த நாட்களில்தான். "ஓடிட்டா" என்று நான் சொன்ன குரலில் ஏதோ இருந்தது என்று அக்கா சொன்னாராமே. இருந்திருக்கலாம்.

அப்புறம் மூடுபனி வந்தது. முந்தாநாள் காலை அவள் கிளம்பும்போது பளிச்சென்றுதான் இருந்தது. நான் பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் பின்மேட்டைக் காணோம். அடுத்து முன்மேடு, அடுத்து பாலம், அப்புறம் எங்கள் வாசல் கேட். அவள் வருகிற நேரம் வந்தது, அவள் வரவில்லை. வீட்டுக்காரர் அந்தப் பனியிலும் தேனீப் பெட்டிகளுக்குச் சாக்கு மூடிக்கொண்டிருந்தார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். "இன்னும் வரல!" என்று கத்தினேன். "வழி தெரியாதவங்கதான் சார் பனியில பயப்படணும்" என்றார். "வழி போட்டதே நான்தான்" என்று சொல்லிவிட்டு, சுவரிலிருந்த வரைபடத்தைக் கழற்றிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் குடையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கல்பாலத்திலிருந்து சரிவின் மேல்விளிம்பு வரைக்கும் என் காகிதத்தில் கட்டைவிரல் அகலம். என் முழங்கால் அந்தக் கட்டைவிரலை ஏறி முடிப்பதற்குள் நான் எல்லாக் கடவுள்களையும், இரண்டு பொது மேலாளர்களையும் கூப்பிட்டுவிட்டேன். நகரத்தில் தெருக்கள் படுத்திருக்கும், இங்கே நிற்கின்றன. அது கோடு போடும்போது தெரியவில்லை. தடம் இரண்டு 'ஏ' நேராகப் போய் ஒரு பாறைக்குள் நுழைந்துவிட்டது. படத்தின்படி நானும் நுழைய வேண்டும். பாறையைத் தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு சுற்றிக்கொண்டு போனேன். பாறைக்கு அந்தப் பக்கம் எந்தத் தடமும் இல்லை.

அப்போது பயம் போய்விட்டது. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு சின்ன அறைக்குள் நான் நடந்துகொண்டிருந்தேன், நான் நகர்ந்தால் அறையும் கூடவே நகர்ந்தது. எங்கேயோ ஒரு ஆட்டு மணி நீருக்குள் அடிப்பது போல அடித்தது. புல் நுனியிலெல்லாம் துளி. என் மூச்சு எனக்கு முன்னால் போய், நின்று, கலைந்தது. அவளைக் கூப்பிட்டேன். இத்தனை நாள் பேசாமல் இருந்ததாலோ என்னவோ, கூப்பிடவே நன்றாக இருந்தது. கூப்பிட்டுக்கொண்டே கால் வைத்தேன், கணுக்கால்வரை சில்லென்று தண்ணீர்.

கீழே பார்த்தேன். இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு பாறைப் பள்ளம், மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. பால்காரம்மாவைக் குறை சொல்ல முடியாது, இதை யாரும் குளம் என்று கூப்பிடமாட்டார்கள். ஆனால் அந்த நேரம் பார்த்து மேலே பனி கொஞ்சம் விலகியது மச்சான், என் காலுக்குக் கீழே வானம் திறந்தது. ஒரு மேகம் என் இடது காலுக்கும் வலது காலுக்கும் நடுவே நிதானமாகப் போனது. நான் அசையவில்லை. அசைந்தால் கலைந்துவிடும். கொஞ்சம் தள்ளி இரண்டு மரத்தூண், குறுக்கே ஒரு சட்டம், பழைய ஆட்டுப்பட்டியின் வாசல். வேலியெல்லாம் விழுந்துபோய் வாசல் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் கரைக்கல்லில் உட்கார்ந்தேன். காலை வெளியே எடுக்கவில்லை. குடையை எப்போது விரித்தேன் என்று ஞாபகம் இல்லை.

பிறகு காலடிச் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து, அந்த வாசல் வழியாக, உங்கள் தங்கை ஓடி வந்தாள். என்னைப் பார்த்து நின்றாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"எப்படி இங்க வந்தீங்க?"

"தடம் ரெண்டு ஏ."

"அது இங்க வராதே!"

"வழி தவறிட்டேன்."

"நானும் முதல்ல அப்படித்தான் வந்தேன்" என்று சொல்லி, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். விஷயம் என்னவென்றால், அவள் பனியில் மெதுவாக நடந்து எப்போதோ வீடு போய்ச் சேர்ந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது, என்னைக் காணோம், சுவரில் படத்தையும் காணோம். உடனே திரும்பி ஓடி வந்திருக்கிறாள். "ஒண்ணு, ரெண்டு, தோப்பு வழி, பாறை முனை, எல்லாம் பாத்துட்டேன். படத்துல இருந்த மாதிரியே ஒரு இடம் விடாம. நீங்க உங்க தடத்துலதான் இருப்பீங்கன்னு நெனச்சேன்." அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக என் தடத்தில் கடைசிவரை ஓடியிருக்கிறாள், அன்று பார்த்து நான் அதில் இல்லை.

ஷூவைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தண்ணீரில் கால் வைத்தாள். பிறகு, "அந்த எக்ஸ்ரே ரூம்ல தினமும் என்ன சொல்வேன் தெரியுமா?" என்றாள்.

"என்ன?"

"மூச்ச நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க. இத்தன வருஷமா ஊர்ல உள்ளவங்களயெல்லாம் பிடிக்கச் சொல்லியிருக்கேன். அவங்க பிடிக்கும்போது நானும் கூடவே பிடிப்பேன், பழக்கமாயிடுச்சு. அவங்க விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. நான் விடவே இல்லன்னு இங்க வந்து ஓடுனப்பதாங்க தெரிஞ்சுது."

இதற்கு என்ன பதில் சொல்வது? தாங்களாக இருந்தால் ஏதாவது பொருத்தமாகச் சொல்லியிருப்பீர்கள். நான், "கால் மரத்துப்போச்சு" என்றேன். "வெளிய எடுங்க" என்றாள். "வேணாம், இருக்கட்டும்" என்றேன். அவள் சிரித்தாள். இறங்கும்போது நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் நடைக்கு ஏற்ப மெல்ல நடந்தாள். ஆனால் அந்தத் தோள், கரையில் கட்டிப்போட்ட படகு மாதிரி, உள்ளுக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

நிற்க. இவ்வளவு விரிவாக எழுதியதன் நோக்கம் யாதெனில், மூத்தவர் என்ற முறையில் தாங்கள்தான் அவளுக்கு நல்ல புத்தி சொல்ல வேண்டும். நான் சொன்னால் சிரிக்கிறாள். தாங்கள் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதினால் கேட்பாள். இங்கே மருத்துவர் இல்லை. கடை இல்லை. தொலைபேசிக்குத் தேனீக்களிடம் அனுமதி வாங்க வேண்டும். மாதக் கடைசிக்குள் நாங்கள் இருவரும் வந்து சேருகிறோம். தங்கள் பக்கத்துத் தெருவிலுள்ள எங்கள் மூன்றாம் மாடி வீட்டைத் திறந்து, ஒட்டடை அடித்து, தண்ணீர்த் தொட்டியைக் கழுவி வைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அங்கே மாடிப்படி இருக்கிறது, வேண்டுமானால் அதில் ஏறி இறங்கட்டும். சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் தெரியும். அது நல்ல சுவர்தான், போன வருடம்தான் வெள்ளையடித்தார்கள். தாங்கள் எழுதும்போது கொஞ்சம் கடுமையாகவே எழுதவும். மிகவும் கடுமை வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். சித்தப்பா கண்களைத் துடைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். நோய்நொடி இல்லாமல், நல்ல தூக்கத்தோடும் நல்ல பசியோடும் நெடுநாள் வாழட்டும்.

தங்கள் அன்புள்ள,
தங்கை கணவன்

பி.கு.: மேலே எழுதியது நேற்று. தபால்காரர் இன்னும் வராததால் இதைச் சேர்க்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டீர்கள் என்றால், தயவுசெய்து படிக்காதவர் மாதிரி இருந்துகொள்ளவும். அவளுக்குக் கடுமையாகவும் எழுத வேண்டாம், மென்மையாகவும் எழுத வேண்டாம். மூன்றாம் மாடி வீட்டை அந்தக் கல்லூரி ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருந்தாரே, அவருக்கே கொடுத்துவிடுங்கள், தொட்டியை அவரே கழுவிக்கொள்வார். இன்று காலை வீட்டுக்காரரிடம் போய், நாங்கள் இன்னும் இருக்கப்போகிறோம் என்று சொன்னேன். அவர் காதில் ஏறும்வரை கத்த வேண்டியிருந்ததால் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு மட்டும்தான் இன்னும் தெரியாது, அவள் மேலே இருக்கிறாள். இதை நான் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பனி கொஞ்சமும் இல்லை. அந்தக் கடைசி மேட்டின் மேல், வெயில் விழுகிற இடத்தில், புள்ளி மாதிரி ஒன்று நகர்கிறது. அவள்தான். வந்ததும் சொல்லிவிட வேண்டும். இல்லை, இன்று என்ன பார்த்தாள் என்று முதலில் கேட்டுவிட்டு, அப்புறம் சொல்கிறேன். இதோ நின்றுவிட்டாள். வீட்டுக்கு வர வேண்டுமானால் அங்கேதான் இடதுபக்கம் திரும்ப வேண்டும். கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வலதுபக்கம் திரும்பி, இன்னும் மேலே போகிறாள்.

போகட்டும்.